மோரிஸ் மைனர் சாவி சுவிட்ச்: அளப்பது, கழற்றுவது, புது வயர் இழுப்பது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு முன்பக்கம் நிற்கும் மோரிஸ் மைனர் காருக்கு நான் இரண்டு புதுச் சாவி சுவிட்ச் வாங்கிப் போட்டிருக்கிறேன், இரண்டும் தண்டச் செலவு. பழைய சுவிட்ச் நன்றாகத்தான் இருந்தது. அதற்கு வரும் பழுப்பு வயரை யாரோ ஒரு காலத்தில் நடுவில் வெட்டி, வீட்டுக்கு இழுக்கும் ஒற்றைக் கம்பி வயரை முறுக்கிச் சேர்த்து, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றி டேஷ்போர்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டிருந்தார்கள். அந்த முறுக்கில் பச்சைக் களிம்பு ஏறிப்போய், இரவு மழை பெய்தால் மறுநாள் காலையில் கார் அசையாது, பத்து மணிக்கு வெயில் ஏறியதும் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். மூன்று மாதம் இந்தக் கூத்து. ஓய்வுபெற்ற போமன், அதாவது மெக்கானிக், மாமா ஒருவர் வந்து, "தம்பி, மீட்டர் எங்க? அளக்காம சாமான் வாங்குறவன் தௌக்கேக்குத்தான் நல்ல பிள்ளை" என்றார். தௌக்கே என்றால் கடை முதலாளி. அன்றைக்குத்தான் நான் அளக்கக் கற்றுக்கொண்டேன். ஆகவே இந்த வழிகாட்டியில் கழற்றுவதற்கு முன் அளப்பதற்கே அதிக இடம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கார் 1961 மைனர் 1000, 948 சிசி. தோட்டத்துப் பெரிய கிராணி (தலைமைக் குமாஸ்தா) வைத்திருந்ததைத் தாத்தா வாங்கி, தாத்தாவிடமிருந்து எனக்கு வந்தது. மைனர் 1948 முதல் 1971 வரை வந்த கார் என்பதால் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. சாவி விஷயத்தில் முக்கியமான எல்லை 1964 அக்டோபர். அதற்கு முன் சாவி இக்னிஷனை மட்டும் போடும், ஸ்டார்ட்டருக்குத் தனியாக ஒரு குமிழை இழுக்க வேண்டும். அதற்குப் பின் வந்தவற்றில் சாவியைத் திருப்பியே ஸ்டார்ட் செய்யலாம். இன்னும் பழைய சில கார்களில் விளக்குச் சுவிட்சும் சாவியும் ஒரே உருண்டையில் இருக்கும். அதே காலத்து ஆஸ்டின், ஹில்மன் போன்ற லூகாஸ் கம்பெனி மின்சாமான் போட்ட கார் வைத்திருப்பவர்களுக்கும் கீழே உள்ளதில் பெரும்பகுதி பொருந்தும். டாட்சன், பழைய கொரோலா வைத்திருப்பவர்கள் அளக்கும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள், வயர் நிறங்களை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் பேட்டரியைப் பாருங்கள்

தொழிற்சாலையிலிருந்து வந்தபோது மைனரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருந்தது. இன்றைய கார்களுக்கு நேர் எதிர். பலர் இடையில் மாற்றிவிட்டார்கள், அதனால் உங்கள் காரில் எந்த முனையிலிருந்து போகும் தடித்த பட்டை பாடியில் திருகப்பட்டிருக்கிறது என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். "கறுப்பு வயர்தானே எர்த்து" என்று நிறத்தை நம்பவே கூடாது.

இது தெரிந்தால் இரண்டு வேலை சுலபமாகும். ஒன்று, பேட்டரியைக் கழற்றும்போது எப்போதும் பாடியோடு சேர்ந்த முனையை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். மறு முனையை முதலில் தொட்டால் ஸ்பானர் பாடியில் பட்டு பெரிய பொறி பறக்கும், பேட்டரிக்கு மேலே ஹைட்ரஜன் வாயு நிற்கும், மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு, மல்டிமீட்டரில் சிவப்புக் கம்பியைப் பாடியிலும் கறுப்புக் கம்பியை டெர்மினலிலும் வைத்தால்தான் எண் நேராக வரும், மாற்றி வைத்தால் கழித்தல் குறி வரும். குறி வந்தால் பயப்பட வேண்டாம், எண்தான் முக்கியம்.

நிறங்களின் கதை

லூகாஸ் நிறங்களை மனப்பாடம் செய்தால் பாதி வேலை முடிந்தது. பழுப்பு வயரில் எப்போதும் கரண்ட் இருக்கும், சாவி போட்டாலும் போடாவிட்டாலும். வெள்ளையில் சாவி போட்டால்தான் வரும், அது ஃபியூஸ் வழியாகப் போகாதது. பச்சையும் சாவி போட்டால் வருவதுதான், ஆனால் ஃபியூஸைத் தாண்டி வருவது. ஊதா எப்போதும் கரண்ட் உள்ளது, ஃபியூஸ் உண்டு. கறுப்பு, பாடி. சிவப்பும் நீலமும் விளக்குகளுக்கு. சாவியிலேயே ஸ்டார்ட் ஆகும் கார் என்றால் சிவப்புக் கோடு போட்ட வெள்ளை வயர் ஒன்று, ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடும் சாலினாய்டுக்குப் போகும்.

ஓட்டம் இப்படி: பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் சுவிட்சுக்கு, அங்கிருந்து பானெட்டுக்குள் சுவரில் இருக்கும், சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோல் பாக்ஸின் ஏ டெர்மினலுக்குப் பழுப்பு. அதன் ஏ1 டெர்மினலிலிருந்து, பெரும்பாலும் நீலக் கோடு போட்ட பழுப்பாக, விளக்குச் சுவிட்சுக்கும் சாவி சுவிட்சுக்கும். சாவியிலிருந்து வெள்ளை வெளியே வந்து, ஃபியூஸ் பாக்ஸின் ஏ3 டெர்மினலுக்கும், பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை உண்டாக்கும் காயிலின் எஸ்டபிள்யூ டெர்மினலுக்கும், பெட்ரோல் பம்புக்கும் போகிறது. ஏ4 டெர்மினலில் பச்சை கிளம்பி வைப்பர், பிரேக் விளக்கு, சிக்னல், பெட்ரோல் காட்டும் முள் எல்லாவற்றையும் நடத்துகிறது.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? பேட்டரியிலிருந்து காயில் வரைக்கும் நடுவில் ஒரு ஃபியூஸ்கூட இல்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் பழுப்போ வெள்ளையோ தோலுரிந்து பாடியில் பட்டால், எரிவது ஃபியூஸ் இல்லை, வயர்தான். அதனால்தான் இந்த இரண்டு வயரில் மட்டும் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

கழற்றாமலே நோயைக் கண்டுபிடிப்பது

பேட்டரி இணைந்திருக்கட்டும், கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் இழுத்திருக்கட்டும். சாவியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள், காது கொடுங்கள். மைனரில் எஸ்யூ மின்சாரப் பெட்ரோல் பம்பு இருக்கிறது, சாவி போட்டதும் அது டிக் டிக் டிக் என்று அடித்து, கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் நிற்கும். கண்ணுக்கு டேஷ்போர்டில் எரியும் சிவப்புச் சார்ஜ் விளக்கு, காதுக்குப் பம்பு, இந்த இரண்டு சாட்சி போதும்.

சிவப்பு விளக்கும் இல்லை, பம்பும் இல்லை என்றால் ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள். மைனரில் ஹெட்லைட் சாவி வழியாகப் போவதில்லை. அதுவும் எரியவில்லையா, சுவிட்சை விட்டுவிடுங்கள், பேட்டரி, எர்த்துப் பட்டை, கன்ட்ரோல் பாக்ஸ் பக்கம் போங்கள். ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, சாவி மட்டும் செத்துக் கிடக்கிறது என்றால் குற்றவாளி சுவிட்ச் அல்லது அதற்கு வரும் பழுப்பு வயர். சிவப்பு விளக்கு வருகிறது, பம்பு மட்டும் அடிக்கவில்லை என்றால் பம்பைப் பாருங்கள், சில சமயம் மரக்கட்டையால் ஒரு தட்டு தட்டினால் அடிக்கத் தொடங்கும், அதன் பாயிண்ட் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இன்ஜின் நன்றாக ஓடுகிறது, ஆனால் வைப்பர், சிக்னல், பிரேக் விளக்கு, பெட்ரோல் முள் எல்லாம் ஒரே நேரத்தில் போனால் அது ஏ3, ஏ4 நடுவில் உள்ள ஃபியூஸ். இங்கே ஒரு சூட்சுமம்: பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று போட்டிருப்பது எரிந்துபோகும் அளவு, தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான், சுமார் 17 ஆம்பியர். இன்றைய 35 ஆம்பியர் ஃபியூஸை அதே எண்தானே என்று போட்டால் இரண்டு மடங்கு போட்டதாக ஆகிவிடும்.

சாவியை ஆட்டினால் விளக்கு வந்து வந்து போகிறது, மேட்டுப் பள்ளத்தில் இன்ஜின் ஒரு நொடி செத்துப் பிழைக்கிறது என்றால் சுவிட்சுக்குள் தேய்மானம். செம்பனை லாரி போய்ப் போய்க் குழி விழுந்த தோட்டச் சாலையில் ஓட்டுபவர்களுக்கு இது சீக்கிரம் வரும், அதுவும் வீட்டுச் சாவி, கடைச் சாவி, சாமி படம் எல்லாம் ஒரே வளையத்தில் தொங்கினால்.

சாவியை எடுத்த பிறகும் இன்ஜின் ஓடுகிறதா? காயிலில் இருந்து வெள்ளை வயரைப் பிடுங்குங்கள். உடனே நின்றால் சுவிட்சுக்குள் பித்தளைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அல்லது பழுப்பும் வெள்ளையும் எங்கோ உரசுகின்றன. பிடுங்கிய பிறகும் உதறிக்கொண்டே சுற்றினால் அது மின்சாரமே இல்லை, சிலிண்டருக்குள் கரி சிவந்து கிடக்கிறது, வேறு வேலை.

அப்புறம் அளவு. கரண்ட் ஓடும்போது அளந்தால்தான் உண்மை தெரியும், சும்மா அளந்தால் அழுகின இணைப்பும் 12 வோல்ட் காட்டி ஏமாற்றும். நானே அப்படித்தான் ஏமாந்தேன். காயில் கரண்ட் இழுக்க வேண்டுமென்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயிண்ட் மூடியிருக்க வேண்டும், அதற்கு 4ஆம் கியரில் போட்டுக் காரை ஒரு சாண் தள்ளிப் பாருங்கள். சாதாரண 12 வோல்ட் காயிலின் உள்தடை சுமார் 3 ஓம், ஆக 4 ஆம்பியர் ஓடும். வைப்பரையும் போட்டு, ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னால் இன்னும் நல்லது. ஆனால் சாவியை இப்படியே போட்டுவிட்டுத் தே தாரிக் குடிக்கப் போய்விடாதீர்கள், இன்ஜின் ஓடாமல் பாயிண்ட் மூடியிருந்தால் காயில் கொதிக்கும், பாயிண்டும் கருகும். அளந்ததும் அணையுங்கள்.

மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரியின் கரண்ட் முனையில், அதாவது பாடியோடு சேராத முனையில், வையுங்கள். கம்பி எட்டாவிட்டால் ஒரு நீள வயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மறு கம்பியைச் சுவிட்சின் பழுப்பு டெர்மினலில் வையுங்கள். வழியில் தொலைந்த வோல்ட்டை மீட்டர் நேராகச் சொல்லிவிடும். 0.3 வரை போகட்டும். இப்போது கம்பியை வெள்ளை டெர்மினலுக்கு மாற்றுங்கள், எண் 0.1, 0.2க்கு மேல் ஏறினால் அந்த ஏற்றம் முழுக்கச் சுவிட்சுக்குள் நடக்கிறது. கடைசியாகக் காயிலின் எஸ்டபிள்யூ டெர்மினல், அங்கே மொத்தம் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். என் காரில் பழுப்பு டெர்மினலிலேயே 2.7 வோல்ட் காணாமல் போயிருந்தது. பேட்டரியில் 12.5, சுவிட்சுக்கு வந்து சேர்ந்தது 9.8. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரியே இறங்கிவிடும், அதில் இன்னும் இவ்வளவு போனால் பொறி எங்கிருந்து வரும்? இரண்டு புதுச் சுவிட்சும் என்ன செய்யும் பாவம்.

கடைசிச் சோதனை ஒன்று, மீட்டர் இல்லாதவர்களுக்கு: 20 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த ஒரு துண்டு வயரால் சுவிட்சின் பழுப்பு டெர்மினலையும் வெள்ளை டெர்மினலையும் சேர்த்துப் பிடியுங்கள். பம்பு அடிக்கத் தொடங்கினால் சுவிட்ச் கெட்டது, சிவப்பு விளக்கும் பம்பும் இரண்டும் வராவிட்டால் பழுப்பு வயரைச் சந்தேகியுங்கள். ஃபியூஸ் இல்லாத துண்டால் செய்யாதீர்கள்.

சுவிட்சை வெளியே எடுப்பது

பேட்டரியின் பாடி முனையைக் கழற்றி, தற்செயலாகத் தொடாதபடி ஒரு துணியைச் சுற்றி ஒதுக்கி வையுங்கள். பக்கத்துக் குளோவ் பாக்ஸின் அட்டைப் பெட்டியை எடுத்துவிட்டால் கை போக இடம் கிடைக்கும், அது பழைய அட்டை, இழுத்தால் கிழியும். முதலில் போட்டோ எடுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, டெர்மினல் எண் தெரியும்படி ஒன்று. அப்புறம் ஒவ்வொரு வயரிலும் காகித டேப்பை ஒட்டி, எந்த டெர்மினலில் இருந்தது என்று பேனாவால் எழுதுங்கள். "நமக்கு ஞாபகம் இருக்கும்" என்பது பொய், அதுவும் நாலு நாள் மழை பெய்து வேலை நின்றுவிட்டால்.

முன்பக்கம் சுவிட்சைப் பிடித்திருப்பது வெட்டுப் போட்ட ஒரு வளைய நட்டு. ஸ்குரு டிரைவரை வைத்துச் சுத்தியால் தட்டித் திருப்பினால் வெட்டும் போகும், பக்கத்துப் பெயின்ட்டும் போகும். சர்க்ளிப் பிளையரின் இரண்டு முனையையும் வெட்டில் நிறுத்தித் திருப்புங்கள். வரவில்லையென்றால் ஒரு சொட்டு எண்ணெய், ஒரு ராத்திரி.

சாவி நுழையும் குழலை, அதாவது லாக் பேரலை, தனியாக எடுக்க வேண்டுமென்றால் சுவிட்ச் உடம்பில் சிறிய துளை ஒன்று இருக்கிறதா பாருங்கள். சாவியைப் போட்டு ஆன் பக்கம் திருப்பி, துளைக்குள் மெல்லிய கம்பியால் அழுத்தினால் உள்ளே ஒரு சிறு முளை அமுங்கும், அப்போது சாவியைப் பிடித்து இழுத்தால் பேரல் வந்துவிடும். சாவியே தொலைந்துபோனவர்கள் பேரலின் முகத்தைத் துடைத்துப் பாருங்கள், எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கலாம், அந்த எண்ணுக்கு ஏற்ற சாவியைப் பழைய கார் சாமான் விற்பவர்கள் வெட்டித் தருவார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது

பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. கறுப்பு பேக்லைட் தட்டு, அதில் டெர்மினல்கள், நடுவில் சுற்றும் ஒரு பித்தளைத் துண்டு, அதை அழுத்தும் ஸ்பிரிங். பின்தட்டை மடித்த சிறு தகரக் காதுகளோ ஒரு வளையமோ பிடித்திருக்கும். காதுகளை ஒரே முறைதான் நம்பி நிமிர்த்தலாம், இரண்டாம் முறை ஒடியும், ஆகவே மெதுவாக, தேவையான அளவுக்கு மட்டும். திறக்கும்போது தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத் திறங்கள். இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், ஆனால் அந்த ஸ்பிரிங் பாய்ந்து ஓடிய பிறகு வாசலில் டார்ச்சோடு தவழ்ந்தவன் சொல்கிறேன். என் சுவிட்சுக்குள் எறும்புக் கூடு வேறு இருந்தது, முட்டையோடு.

பித்தளையைப் பார்த்தால் கதை தெரியும். கருப்புப் படலம் மட்டும் என்றால் மெதில் ஸ்பிரிட்டில் துடைத்து, 600 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மறுபடி ஸ்பிரிட்டில் கழுவினால் போதும். குழி விழுந்திருந்தால் மெல்லிய அரத்தால் சமப்படுத்தலாம், ஆனால் பித்தளை மெலிந்துபோய் ஸ்பிரிங் அழுத்தம் குறைந்தால் பயனில்லை. ஸ்பிரிங் நீலமாகவோ துவண்டோ இருந்தால் அது சூடு பட்டது, மாற்றியே ஆக வேண்டும். பேக்லைட் வெடித்திருந்தால் யோசிக்க வேண்டாம், வேறு சுவிட்ச். புதிதாகச் செய்து விற்கும் சுவிட்சுகளில் சில கையில் எடுத்தாலே கலகலக்கும், அதைவிடப் பழைய கார் உடைத்து விற்கும் போத்தோங் கடையில் கிடக்கும் அசல் லூகாஸைத் திறந்து சுத்தம் செய்வது மேல் என்பது என் அபிப்பிராயம். இதில் என்னோடு சண்டை போடுபவர்கள் உண்டு.

மூடுவதற்கு முன் பித்தளை உரசும் இடத்தில் வேசலின் ஒரு பொட்டு. வீல் பேரிங் கிரீஸ் வேண்டாம். பேரலுக்குள் எண்ணெய் விடாதீர்கள், முக்கியமாகத் தேங்காயெண்ணெய், நம் வீடுகளில் எதற்கெடுத்தாலும் அதுதான் மருந்து, ஆனால் அது தூசியைச் சேர்த்துக் கொஞ்ச நாளில் பிசினாகும். பென்சில் கரியைப் பொடித்துச் சாவியில் தடவி நாலைந்து தடவை நுழைத்து எடுங்கள்.

மாட்டுவதற்கு முன் மேசையிலேயே சோதிக்கலாம். ஒரு 12 வோல்ட் பேட்டரி, ஒரு 55 வாட் ஹெட்லைட் பல்பு, நடுவில் சுவிட்ச். சுமார் நாலரை ஆம்பியர் ஓடும். சுவிட்சின் இரண்டு டெர்மினல் நடுவில் மீட்டரை வைத்துச் சாவியை ஆட்டுங்கள், 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது, பல்பு மினுக்கக் கூடாது. எது எந்த டெர்மினல் என்பதையும் இப்போதே மீட்டரால் கண்டுபிடித்து எழுதிவிடுங்கள், பின்னால் உள்ள எண்களை நம்பி வயர் போடாதீர்கள், வேறு காரின் சுவிட்ச் உங்கள் காருக்குள் வந்திருக்க வாய்ப்பு உண்டு.

புது வயர்

1950களின் தொடக்கத்து வயரிங்கில் செம்பின் மேல் ரப்பர், அதன் மேல் நூல் பின்னல். போமன் மாமாவின் 1953 காரில் அப்படித்தான். தாத்தா விடியற்காலையில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டிய ரப்பர் பால்தான் ஷீட்டாகிக் கப்பலேறிப் போய் இப்படி வயராகத் திரும்பி வந்ததோ என்னவோ. அந்த ரப்பர் இப்போது காய்ந்த பிஸ்கட், வளைத்தால் உதிரும். உங்கள் காரில் அந்த வகை இருந்தால் இரண்டு வயரை மட்டும் மாற்றிப் பயனில்லை, முழு வயரிங்கையும் மாற்றுங்கள். பிளாஸ்டிக் தோல் உள்ளது என்றால், பிரித்துப் பார்த்துச் செம்பு சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். கறுத்திருந்தால் ஈயமும் பிடிக்காது, அழுத்திப் பொருத்தும் கிரிம்ப் முனையும் நிற்காது, ஒரு சாண் உள்ளே போய் வெட்டிப் பார்த்து அங்கேயும் கறுப்பு என்றால் முழு வயரும் போகட்டும்.

பழுப்புக்கும் வெள்ளைக்கும் 2 சதுர மில்லிமீட்டர் வயர், அதாவது 0.30 மில்லிமீட்டர் இழை 28 கொண்டது. மெல்லிய தோல் வகை வாங்கினால் 25 ஆம்பியர் தாங்கும், சாதாரண பிவிசி என்றால் 17.5. விளக்குக்குப் போகும் சின்ன வயர்களுக்கு 14 இழை போதும். வீட்டு வயர் மட்டும் வேண்டாம். ஒற்றைக் கம்பி சுவரில் அசையாமல் கிடப்பதற்கு, காரில் அது குலுங்கிக் குலுங்கி ஒடியும். நிறத்தையும் விட்டுக்கொடுக்காதீர்கள். கடையில் சிவப்பு மட்டும்தான் இருந்தது என்று எல்லாவற்றையும் சிவப்பில் இழுத்து வைத்தால், அடுத்து அந்தக் காரைத் தொடுபவர் உங்கள் பரம்பரையையே வாழ்த்துவார்.

ஒரு நேரத்தில் ஒரு வயர். பழையதைக் கழற்றி, அதே நீளத்துக்கு மேல் ஒரு கை அகலம் கூடுதலாக வெட்டி, இரண்டு முனையும் போட்டு, அதே பாதையில் இழுத்துச் சேர்த்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் துளையில் ரப்பர் வளையம் இருக்கிறதா பாருங்கள், வெறும் தகர விளிம்பில் வயர் உரசினால் ஒரு வருஷம்கூடத் தாங்காது. ஸ்டியரிங் தண்டு, வைப்பர் கம்பி, ஸ்பீடோமீட்டர் கேபிள் இவற்றிலிருந்து தள்ளிக் கட்டுங்கள்.

முனைகள்: தட்டை ஸ்பேட் டெர்மினல் என்றால் 6.3 மில்லிமீட்டர் பித்தளை முனையை நல்ல கிரிம்ப் பிளையரால் அழுத்துங்கள், இழுத்துப் பார்த்தால் வரக் கூடாது. என் காரைப் போல ஸ்குரு டெர்மினல் என்றால் இழைகளின் மேல் ஒரு சிறு பித்தளைக் குழாய் முனையை அழுத்தி, அதைத் துளைக்குள் விட்டு ஸ்குருவை முடுக்குங்கள். இங்கே பலர் இழைக்கு ஈயம் பூசி முடுக்குவார்கள், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஈயம் மெது, அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கி ஸ்குரு தளரும், தளர்ந்தால் சூடு, சூட்டில் இன்னும் தளரும். சாதாரண கறுப்பு டேப்பும் அப்படியே, நம் ஊர் வெயிலில் பசை உருகி வழிந்து கையெல்லாம் ஒட்டும். இணைப்புக்குச் சூட்டில் சுருங்கும் குழாயும், கட்டுக்கு ஒட்டாத துணி டேப்பும் வாங்குங்கள்.

சரி, ஃபியூஸ். கன்ட்ரோல் பாக்ஸிலிருந்து சாவிக்கு வரும் பழுப்பில், கன்ட்ரோல் பாக்ஸுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் ஒரு 20 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் வைத்தேன். காயில், பம்பு, வைப்பர், பிரேக் விளக்கு, சிக்னல் எல்லாம் ஒரே நேரத்தில் இழுத்தாலும் 15 ஆம்பியர் பக்கம்தான். அந்த ஃபியூஸ் போனால் ஓடும்போதே இன்ஜின் நிற்கும், உண்மைதான். வயர் எரிந்து கார் போவதைவிட ஓரமாக நின்று ஃபியூஸ் மாற்றுவது எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் இரண்டு உபரி ஃபியூஸை எப்போதும் டேப்பில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ரிலே வேண்டுமா?

பழைய சுவிட்சைக் காப்பாற்ற வேண்டும், கூடவே காரில் கூடுதல் விளக்கு, ஃபேன் எல்லாம் போட்டிருக்கிறீர்கள் என்றால் வையுங்கள். எந்தச் சாமான் கடையிலும் கிடைக்கும் 4 கால் ரிலே. ரிலே என்பது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச், கீழே உள்ளவை அதன் கால்களில் எழுதியிருக்கும் எண்கள். சாவியிலிருந்து வரும் வெள்ளை 86க்கு, 85 பாடிக்கு, ஃபியூஸ் வைத்த பழுப்பு 30க்கு, 87லிருந்து வெள்ளை ஏ3க்கும் காயிலுக்கும். சாவி வழியாக ஓடுவது அப்புறம் கால் ஆம்பியர்கூட இல்லை. ஒரே எச்சரிக்கை, பாசிட்டிவ் எர்த்து காரில் உள்ளே டையோடு (ஒரு திசையில் மட்டும் கரண்ட் விடுவது) வைத்த ரிலேயை வாங்காதீர்கள், தலைகீழாகக் கரண்ட் போனதும் நேராகச் ஷார்ட் ஆகிவிடும். எலெக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டி, எல்இடி பல்பு வாங்கும்போதும் இதே கேள்வியைக் கேளுங்கள். நான் ரிலே வைக்கவில்லை. அசல் காரில் கூடுதல் விளக்கு எதுவும் இல்லை, நல்ல சுவிட்சுக்கு அந்தச் சுமை பெரிதில்லை.

கரண்ட் கொடுப்பது

எல்லாம் மாட்டியாயிற்று என்று பேட்டரியை நேராக இணைத்துவிடாதீர்கள். பாடி முனைக்கும் பாடிப் பட்டைக்கும் நடுவில் ஒரு 21 வாட் பிரேக் பல்பை வயரால் இணையுங்கள். சாவி, விளக்கு எல்லாம் அணைத்த நிலையில் பல்பு எரியக் கூடாது. பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட், ஆனால் பல்பு இருப்பதால் எதுவும் எரியாது, நிதானமாகத் தேடலாம். சாவி போட்டால் பல்பு எரிவது சரியே, காயிலும் பம்பும் இழுக்கின்றன. சாவியை எடுத்தால் உடனே அணைய வேண்டும்.

இது சரியாக வந்தால் பல்பை எடுத்துவிட்டுப் பாடிப் பட்டையை மாட்டி முடுக்குங்கள். சாவி போடுங்கள்: சிவப்பு விளக்கு, ஆயில் விளக்கு, பம்பின் டிக் டிக். ஸ்டார்ட் செய்து வேகம் கொஞ்சம் ஏற்றினால் இரண்டு விளக்கும் அணைய வேண்டும். இன்ஜின் ஓடும்போது சாவியை மெல்ல ஆட்டுங்கள், டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு வயர்க் கட்டை அசைத்துப் பாருங்கள், ஒரு துடிப்புகூட மாறக் கூடாது. பத்து நிமிஷம் ஓடிய பிறகு சுவிட்சின் பின்பக்கத்தைத் தொட்டால் வெதுவெதுப்புக்கு மேல் இருக்கக் கூடாது. அப்புறம் முன்னால் செய்த மூன்று அளவையும் மறுபடி எடுங்கள். எனக்குப் பழுப்பு டெர்மினலில் 0.1, வெள்ளையில் 0.2, காயிலில் 0.3 வந்தது.

அந்த மூன்று எண்ணையும் தேதி போட்டு ஓர் அட்டையில் எழுதி, வயர் படத்தைக் கையால் வரைந்து, இரண்டையும் குளோவ் பாக்ஸுக்குள் வைத்துவிட்டேன். வருஷக் கடைசி மழை தொடங்கும்போது ஒரு தடவை அளப்பேன், எண் ஏறியிருந்தால் எங்கே ஏறியது என்று அட்டையே சொல்லும். சாவி வளையத்தில் இப்போது கார் சாவி ஒன்றுதான், வீட்டுச் சாவி சட்டைப் பையில். மிச்சம் இருக்கும் இரண்டு புதுச் சுவிட்சில் ஒன்றைப் போமன் மாமா எடுத்துக்கொண்டார், இன்னொன்று பெட்டியோடு இருக்கிறது.